ககனேந்திரநாத்தும் ஐந்தாம் இலக்க வீடும்

ஓவியன் ஒருவன் தன் மூதாதையர் எழுப்பிய கட்டடத்தை வரையும்போது அவன் பார்வை ஏனையோர் பார்வையினின்றும் வேறுபடுமா? ககனேந்திரநாத் தாகூரின் ஓவியப் பிரதிகளைப் பார்க்க நேர்ந்த நாள்முதல் இவ்வினா என்னைத் தொடர்கின்றது.

கல்கத்தாவின் ஜொராசங்கோவில் தாகூர் குடும்பத்துக்கு அடுத்தடுத்து இரு மாளிகைகள் இருந்தன. ஆறாம் இலக்க வீட்டில் இரவீந்திரர் பிறந்தார். ஐந்தாம் இலக்க வீடோ, விருந்தினரை உபசரிப்பதற்கெனத் துவாரகநாத் தாகூர் கட்டுவித்தது. அவருடைய கொள்ளுப்பேரனாகிய ககனேந்திரநாத் (1867–1938) அங்கு வாழ்ந்தவர். அவரும் தம்பி அவனீந்திரநாத்தும் அவ்வீட்டின் தென்புற விறாந்தையில் அமர்ந்தே வரைந்தனர். நம் நாட்டவரான ஆனந்த குமாரசுவாமி இவ்வட்டத்தோடு நெருங்கிப் பழகியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

1912இல் நூலாக வெளிவந்த இரவீந்திரரின் 'ஜீவன்ஸ்மிருதி'க்கு ககனேந்திரநாத் வரைந்த படங்களில் ஜொராசங்கோ வாழ்வு மை நிழல்களாக வருகின்றது. அவை அமைதியான படங்கள். பத்தாண்டுகளின் பின் வந்தவை அவ்வாறல்ல. படிக்கட்டுகள் எங்கோ ஏறி மறைகின்றன. கதவுக்குப் பின்னே கதவு திறக்கின்றது. தூண்களுக்கிடையே எங்கிருந்து வருகிறதென்று அறியமுடியாத ஒளி, கண்ணாடித் துண்டுகளாய் உடைந்து கிடக்கின்றது. 1922இல் பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, இவருடைய கியூபிச ஓவியங்களும் உடன் வைக்கப்பட்டன.

பாரிசு நகரத்துப் பாணியை மேலோட்டமாகப் பின்பற்றியவை இவை எனக் கருதுவோர் உளர், டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் 1959இல் எழுதிய நூலில் இவற்றை உயர்வாக மதிக்கவில்லை. என்னால் அதனை ஏற்க இயலவில்லை. பிக்காசோ உடைத்தது கிற்றாரையும் போத்தலையும். இவர் உடைத்தது தாம் நடந்து பழகிய மாடங்களையும் படிகளையும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்நியன் ஒருவன் அம்மாளிகையை அளந்து வரைந்திருப்பான். இருட்டிலும் படியெண்ணி ஏறத் தெரிந்தவனுக்கு அளவு எதற்கு? (பரம்பரை மாத்திரம் ஓவியனை ஆக்கிவிடாது என்பதும் உண்மையே. மாளிகைக்கு உரித்தாளிகள் பலர், ககனேந்திரநாத் ஒருவரே.)

1930இல் பக்கவாதம் அவரது கையையும் பேச்சையும் முடக்கியது. 1940களில் ஐந்தாம் இலக்க வீடு கைமாறி இடிக்கப்பட்டது. 1962 முதல் இரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் உறைவிடமாக விளங்கும் ஜொராசங்கோவுக்குச் செல்வோர் இன்று காண்பது ஆறாம் இலக்க வீட்டையே.

எங்கள் அப்பாச்சியின் நாற்சார் வீட்டையும் நான் கண்டதில்லை. 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த வீடு அது. இப்போது கிணறும் அத்திவாரமுமே எஞ்சியுள்ளன. அப்பாச்சி அதனை விபரிக்கையில் நீள அகலம் கூறுவதில்லை. எந்தத் தூணில் மாலை வெயில் சாயும், மழைக்கு முற்றத்துப் பீலி எவ்வாறு இரையும் என்பவற்றையே கூறுவார். கடந்த விடுமுறையில் அவர் சொல்லச் சொல்ல ஒரு படம் கீறினேன். விறாந்தை முற்றத்தினும் பெரிதாயிற்று. அறைகள் ஒன்றன்மேலொன்று ஏறின. பெரியப்பா அதனைப் பார்த்துச் சிரித்தார். அப்பாச்சி நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "உதுதான் பிள்ளை எங்கட வீடு" என்றார். கிணற்றடித் துலாவை மட்டும் சற்று வடக்கே தள்ளிக் கீறச் சொன்னார்.