கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் அமானிதம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயிலில் நீங்கள் எப்போதேனும் பயணம் செய்ததுண்டா? எண்ணூரின் புகைபோக்கிகளைக் கடந்தால் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே நகரும். இடையிடையே பச்சை வயல்கள் தோன்றி மறையும். ரயில் நின்று இறங்கினால் சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு வாடை நம்மை வரவேற்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் சாரை சாரையாய் வேலைக்குச் செல்வர். அந்தப் பேட்டையின் ஓரத்தில்தான் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா இருக்கிறது.

ஊரைவிட்டுச் சென்ற அன்பர் ஒருவர், தம் வீட்டிலிருந்த பழைய மீன் தொட்டியை எங்கள் பிள்ளைகளுக்கென்று கொடுத்துச் சென்றார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். அத்தனை பாரத்தை மரமேசை தாங்காது என்பதால் செங்கல் தூண் எழுப்பி, கடப்பைக்கல் பரப்பி அதன்மேல் வைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விடுமுறை நாளாகையால், ஜும்ஆவை முடித்துக்கொண்டு கொளத்தூருக்குப் புறப்பட்டேன். வண்ண மீன் வணிகத்திற்குத் தென்னகமெங்கும் பெயர் பெற்ற இடம் அது. தெருவெங்கும் கடைகள். வீட்டுப் புறக்கடைகளில் சிமெண்ட் தொட்டிகள் கட்டி மீன்குஞ்சு வளர்க்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். ஒரு கடையில் கண்ட சின்னஞ்சிறு ஜோடி என்னை நிறுத்திவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் நீளந்தான். மஞ்சள் உடலில் நீலப் பொட்டுகள் மின்னின. 'ராம் சிக்லிட்' என்றார் கடைக்காரர். தென் அமெரிக்காவின் ஓரினாகோ ஆற்றுச் சமவெளிதான் அதன் தாயகம். மானுவேல் ராமிரஸ் என்பவரின் பெயரால் 1948இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது என்றும், ராம் என்பது அதன் சுருக்கமே என்றும் பின்னர் படித்தறிந்தேன்.

அவசரம் என்னும் நோய் ஆசிரியரையும் விடுவதில்லை. அன்று மாலையே ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பினேன்; அன்று இரவே மீன்களையும் விட்டேன். மூன்றாம் நாள் ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் விளக்கைப் போட்டபோது, இரண்டும் வயிறு தெரிய மிதந்தன. ஓத வந்த சிறுவன் ஒருவன் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஹஸ்ரத், நம்மகிட்ட வராம இருந்திருந்தா அதுங்க உசுரோட இருந்திருக்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை. பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல் அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்! அடைத்து வைத்த உயிர் அமானிதம் அல்லவா? அதன் தேவையை அறியாமல் அடைத்தது யார் குற்றம்?

அதன் பின்னரே கற்கத் தொடங்கினேன். நான் செய்த பிழைகள் இரண்டு.

முதலாவது, தண்ணீர். ராம் மீனுக்கு மழைநீர் போன்ற மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீர் வேண்டும். எங்கள் பகுதி நீரோ கடினமானது, உப்பும் கலந்தது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகளாக அளவின்றி இறைத்ததால், வெற்றிடம் கண்ட கடல்நீர் மண்ணுக்கடியில் உட்புகுந்துவிட்டது. மனிதன் இறைத்ததன் கூலியை மீனும் சுமக்கிறது!

இரண்டாவது, பொறுமையின்மை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். அதைத் தாவரங்கள் உரமாய் உண்ணும். இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாய்த் தெரிவதால் மட்டும் அது மீன் வாழத் தக்கதாகிவிடாது.

இனி என் முன்னே இரு வழிகள் இருந்தன. மீனுக்கேற்ற நீரை மழையிலிருந்தோ சுத்திகரிப்புக் கருவியிலிருந்தோ வாரந்தோறும் சேர்ப்பது ஒன்று. நம் நீருக்கேற்ற மீனைத் தேடுவது மற்றொன்று. இரண்டாவது வழி என்னைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றது.

பொன்னேரியிலிருந்து பேருந்தில் சென்றால் சாலையின் முடிவில் ஏரி விரிகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியா கோட்டையின் சிதைவுகளையும், அவர்தம் கல்லறைகளையும், சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டிய சூரியக் கடிகாரத்தையும் கண்டுவிட்டு, அஸருக்குப் பின் படகுத்துறைக்கு வந்தேன். மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் நன்னீரைக் கொட்ட, ஏரியின் உப்பு குறையும். கோடையில் மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் வாழப் பழகிய மீன்களே இங்கு நிலைக்கும்.

படகோட்டி ஒருவர் கரையோரத்தைச் சுட்டிக் காட்டினார். முழங்கால் ஆழத்தில், பொன்னிறக் காசுகள் போல் ஒரு சிறு கூட்டம்! கேரளத்தார் பள்ளத்தி என்றும், வணிகர் ஆரஞ்சு குரோமைடு என்றும் அழைக்கும் மீன் அது. 1795இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் அதற்கு அறிவியல் பெயரிட்டார். அதுவும் சிக்லிட் குடும்பமே! அக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் வாழ, இந்தியாவுக்குச் சொந்தமானவை மூன்றே மூன்று. கரிமீன் அதன் பெரிய உறவு. இவற்றின் நெருங்கிய சுற்றத்தார் கடல் கடந்து மடகாஸ்கர் தீவில் இருக்கின்றனர்.

ஓரினாகோவில் நான் தேடிய அழகு, என் ஊரிலிருந்து சில மணி நேரத் தொலைவிலேயே இருந்தது. ஏரி பறவைகள் சரணாலயமாதலால் அங்கே ஒன்றையும் பிடிக்கவில்லை. பண்ணையில் பிறந்த ஆறு குஞ்சுகளைக் கொளத்தூரில் வாங்கினேன்.

ஆனால் அவற்றை வாங்குவதற்கு முன்பே, ஆறு வாரங்கள் தொட்டியை மீனின்றி வைத்திருந்தோம். கழுவிய ஆற்றுமணல், சில கற்கள், ஒரு மரவேர். உப்பையும் கடினத்தையும் ஓரளவு தாங்கும் வாலிஸ்நேரியாவும் வேலம்பாசியும். சிறிதளவு மீன் உணவைத் தூவி, அது அழுகி அம்மோனியா தர, நுண்ணுயிர்கள் வளர்ந்தன. சோதனைத் துளிகளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று உறுதியான பின்னரே மீன்கள் இறங்கின. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வெளிச்சம், இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு உணவு, வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றம். இவ்வளவே பராமரிப்பு.

அன்பர்களே, ஓர் எச்சரிக்கை. வளர்க்க முடியவில்லை என்று தொட்டி மீனை ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். 'தொட்டி துப்புரவாளர்' என விற்கப்படும் முட்கவச மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவரின் வலைகளைக் கிழிக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு ஜோடி, கல்லைத் துப்புரவு செய்து முட்டையிட்டது. தாயும் தந்தையும் முறைவைத்து விசிறின. நெருங்கிய மற்ற மீன்களைத் துரத்தின. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியபின், பெற்றோரின் விலாவை உரசி, அதன்மேல் ஊறும் வழுவழுப்பான நீர்மத்தை உண்டன. ஓத வந்த பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தனர். தந்தை பட்டறையிலும் தாய் வீட்டு வேலையிலும் இருக்க, அந்திவரை மதரஸாவில் காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள்.

அன்று கேள்வி கேட்ட அதே சிறுவன் என் சட்டையைப் பற்றி இழுத்தான். "ஹஸ்ரத், இதுங்களுக்கு இது வீடுதானே?" என்றான்.

"வீடாக வைத்திருக்க வேண்டியது நாம்தான்" என்றேன். அன்றைய நீர் மாற்றத்துக்கு வாளியை அவனே எடுத்து வந்தான்.