மூங்கில் மேடை

குவாஹாட்டியில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது நஹர்லகுன். அருணாசலப் பிரதேசத்துக்குள் வெளி மாநிலத்தார் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். எங்கள் டிரம்மர் சிம்பல் பையோடு நிற்பதைப் பார்த்த காவலர், காகிதத்தை முழுதாகப் பிரிக்கும் முன்பே "ஜிரோவா?" என்றார். செப்டம்பர் கடைசியில் அவ்வளவு பெரிய பையோடு வருகிறவன் வேறெங்கே போவான்!

அங்கிருந்து ஷேர் சுமோவில் 100 கிலோமீட்டர் போல மலைப்பாதை. கிடார்கள் கூரைமேல் தார்ப்பாய்க்கு அடியில். என் பாஸ் கிடார் மட்டும் மடியில். யாசலியில் ரங்கநதி அணையைத் தாண்டி ஏறினால், 1,500 மீட்டருக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் தட்டையாக விரிகிறது ஜிரோ பள்ளத்தாக்கு. எங்கும் நெல் வயல். இது அபதானி மக்களின் ஊர். ஏரோ மாடோ இல்லாமல் கையாலேயே கொத்தி நடுகிறார்கள். வயல் தண்ணீரிலேயே மீன் வளர்க்கிறார்கள், வரப்பில் சிறுதானியம் விதைக்கிறார்கள். காவிரிக்கரையில் பிறந்த எங்கள் கிடாரிஸ்ட் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

ஜிரோ இசை விழா 2012இல் தொடங்கியது. ஆரம்பித்தவர்கள், அந்த மண்ணுக்காரரான பாபி ஹானோவும் டெல்லியின் மென்வோபாஸ் குழுவில் கிடார் வாசித்த அனூப் குட்டியும். வாசிக்கிறவன் நடத்தும் விழா என்பது போனவுடனே தெரிந்துவிடும். சவுண்ட் செக் என்று சொன்ன நேரத்துக்குச் சவுண்ட் செக் நடந்தது. நகரத்துக் கல்லூரி விழாக்களில் வாசித்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மேடை முழுக்க மூங்கில். அபதானிக் கைவினைஞர்கள் கட்டுவது. பகலுக்கொன்று, இரவுக்கொன்று என்று இரண்டு மேடைகள். சூரியன், சந்திரன் பெயர்கள். சோனிக் யூத் குழுவின் லீ ரெனால்டோ, ஸ்டீவ் ஷெல்லி போன்றவர்கள் எல்லாம் இந்த விழாவில் வாசித்திருக்கிறார்கள் என்பதை ஏறும் முன் நினைக்காமலிருப்பது நல்லது. மூங்கில் தளத்தில் பெடல் சமமாக உட்காராது. அடியில் பலகை வேண்டும். கிக் டிரம் நகரத் தொடங்கியது. டிரம்மர் டேப்பைத் தேடிக்கொண்டிருக்க, மேடை கட்டிய பெரியவர் ஒருவர் இடுப்புக் கத்தியை உருவி, மூங்கில் பிளாச்சு ஒன்றைச் சீவி, டிரம்முக்கு முன்னால் அடைகொடுத்துவிட்டு இறங்கிப் போனார். நிகழ்ச்சி முடியும்வரை அது அசையவில்லை. சிமென்ட் மேடையில் பாஸின் அதிர்வு காதுக்குத்தான் வரும். அங்கே முழங்கால்வரை ஏறியது.

வடகிழக்கில் சூரியன் எங்கள் ஊர்க் கடிகாரத்தை மதிப்பதில்லை. ஐந்தேகால் மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். பகல் மேடையில் கடைசியாக எங்களை ஏற்றியிருந்தார்கள். மலை தெரியும்போது தொடங்கிய பாட்டு இருட்டில் முடிந்தது. நடுவில் மழை வேறு. கூட்டம் கலையவில்லை, கம்பூட்டோடு சேற்றில் நின்றே ஆடியது. எங்கள் மொழி அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டை நாங்கள் நிறுத்திய இடத்தில் நின்றார்கள், அது போதாதா!

பின்வாசல் வழியாகக் கார் ஏறிப் போகும் வசதி இங்கே இல்லை. கேட்டவர்களோடுதான் வரப்பில் நடந்து திரும்ப வேண்டும். எனக்கு இந்த விழா பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். தங்கிய வீட்டில் அடுப்பைச் சுற்றித்தான் எல்லாம். மேலே பரணில் இறைச்சி புகையில் காய்கிறது, கையில் அரிசிக் கள். வீட்டுக்கார அக்கா இந்தியில், "வீடு வரைக்கும் கேட்டது. தும் தும்மென்று தடியான சத்தம் யாருடையது?" என்றார். கை தூக்கினேன். இன்னொரு குவளை ஊற்றினார். பாராட்டா, பரிதாபமா, கேட்கவில்லை.

அங்கே மூத்த பெண்கள் சிலர் மூக்கின் இருபக்கமும் கட்டை அணிந்து, முகத்தில் பச்சை குத்தியிருப்பார்கள். 1970களில் கைவிடப்பட்ட வழக்கம். அவர்களைக் கண்டதும் கேட்காமலே கேமராவை நீட்டுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் வந்தது.

கொரோனாவால் 2020இலும் 2021இலும் நடக்காமல், 2022இல் விழா மீண்டும் வந்தது. போகிறவர்கள் கம்பூட்டை இங்கிருந்து சுமக்க வேண்டாம். பள்ளத்தாக்கிலேயே, ஹபோலி கடைத்தெருவில் கிடைக்கும். பேரம் பேசினோம், கடைக்காரர் சிரித்தார், விலை மட்டும் இறங்கவில்லை.