பத்தாயத்துக்கு நாலு கால் இருந்தது

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மக்கா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. மூன்றும் டிவியோடு சேர்க்கப் போகிற கம்ப்யூட்டருக்கான கேபினட். முதலாவதில் கண்ணாடிக் கதவுக்குள்ளே கோயில் கொடைப் பந்தல் மாதிரி சீரியல் விளக்கு எரிகிறது. இரண்டாவது பெரிய சூட்கேஸ் பருமன். மூன்றாவது பழைய டிவிடி பிளேயர்போலத் தட்டையாக, அடக்கமாக இருக்கிறது. "இதுல எதுலே கொள்ளாம்? அங்க மலிவுன்னா வரும்போ ஒண்ணு தூக்கிட்டு வா" என்று கீழே எழுதியிருந்தாய்.

நேற்று அதற்காகவே ரோச்சோர் பக்கம் இருக்கும் சிம் லிம் ஸ்கொயருக்குப் போனேன். மாடி மாடியாகக் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற கட்டடம். ஒரு கடையில் உன் படங்களைக் காட்டினேன். கடைக்காரர் பெரியவர், சீனர். படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "எந்த மதர்போர்டு?" என்றார். அடுத்து, "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. கேபினட் படம் அனுப்பின நீ, அலமாரியை அளந்து அனுப்பவில்லையே. வெறுங்கையோடு சிராங்கூன் ரோட்டுக்கு நடந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நீ அளக்காவிட்டாலும் உன் ஈத்தாமொழி வீட்டு டிவி அலமாரியை எனக்குத் தெரியும். அதன் மேல்தான் மடக்குக் கதவு வைத்த சாலிடேர் டிவி இருந்தது. மொட்டை மாடி ஆன்டெனாக் குழாயை வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம், தென்கிழக்கே திருப்பினால் கடல் தாண்டி இலங்கையின் ரூபவாஹினி. நீ மேலே நின்று "தெரியுதா?" என்று கத்துவாய், நான் கீழே நின்று "இன்னும் கொறச்சு" என்பேன். டிவியின் தலையில் உன் அம்மை கையால் பின்னிய வெள்ளைத் துணி, அதன் மேல் ஒரு தலையாட்டி பொம்மை. அந்த டிவி போய்விட்டது. துணி இன்னமும் இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்வேன். கேபினட்டைத் தேர்ந்தெடுக்க இந்தத் துணி முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அளவு. நாம் நெல்லை மரக்காலில் அளந்தவர்கள். கேபினட்டை லிட்டரில் அளக்கிறார்கள். அகலம், உயரம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 38 × 33 × 8 என்றால் சுமார் 10 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் பாதி. மேசைக்கு அடியில் நிற்கும் சாதாரண டவர் 40 லிட்டரைத் தாண்டும். உன் முதல் இரண்டு படங்களும் அந்த ஜாதி. அவை டிவிக்கு அடியில் போகாது, விட்டுவிடு.

எவ்வளவு சின்னதாகப் போகலாம் என்பதை மதர்போர்டுதான் சொல்லும். முழு ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170 × 170; ஒரு சாணுக்கும் குறைவு. டிவிக்கு அடியில் வைக்கிற கம்ப்யூட்டருக்கு இதுதான் அளவு. அலமாரியின் ஆழத்தை அளக்கும்போது ஒன்றை மறக்காதே: கேபினட்டின் முதுகில் எச்டிஎம்ஐ ஒயரும் பவர் ஒயரும் செருகி வளைய ஐந்தாறு சென்டிமீட்டர் வேண்டும். பலரும் கோட்டை விடுகிற இடம் இது. கேபினட் உள்ளே போய்விடும், ஒயர் வளையாது. பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு அலமாரியின் பின்பலகையை அறுக்க வேண்டும்.

உன் மூன்றாவது படத்தில் இருக்கிற தட்டைப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 2002-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் மீடியா சென்டர் என்று ஒன்றை விட்டது. கம்ப்யூட்டர் இனி வரவேற்பறைக்கு வரும் என்று எல்லோரும் நம்பிய காலம். ஆம்ப்ளிஃபயருக்கும் சிடி பிளேயருக்கும் பொருந்துகிற மாதிரி 43 சென்டிமீட்டர் அகலத்தில், முகத்தில் டிவிடி டிரைவோடு கேபினட்டுகள் வந்தன. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரைக் கைவிட்டார்கள். பெட்டிகள் மட்டும் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் டிவிடி டிரைவுக்காக ஒதுக்கிய அந்த இடத்தில் இன்றைக்கு நீ எதை வைக்கப் போகிறாய்?

இப்போது என் முட்டாள்தனத்தைக் கேள். தோ பாயோவில் இந்த மூன்றறை வீட்டுக்கு வந்த புதிதில் நானும் ஒன்று அசெம்பிள் பண்ணினேன். வீடு சின்னது, எனவே பெட்டியும் ஆகச் சின்னதாக இருக்கட்டும் என்று முடிவு. 65 வாட் பிராசஸர் வாங்கினேன். அதற்குப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் நல்ல கூலர். எல்லாம் பூட்டிய பிறகு மூடி மூடவில்லை. கேபினட்டுக்குள் கூலருக்கு இருந்த இடம் ஐந்தரை சென்டிமீட்டர். அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள், நான் படிக்கவில்லை. வேறு குட்டைக் கூலர் வாங்கிப் போட்டு, டிவிக்குக் கீழே கதவு வைத்த அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். விருந்தாளிகள் வந்த ஒரு நாள், படம் பாதி ஓடுகிறது, அலமாரிக்குள் நெல் குத்துகிற மில் ஓடுவதுபோல ஒரு சத்தம். கட்டைவிரல் நகம் போன்ற சின்ன விசிறிகள். அவ்வளவு காற்றைத் தள்ள அவை அப்படித்தான் கதறிச் சுற்ற வேண்டும். பெரிய விசிறி மெல்லச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். கால் மணி நேரத்தில் படம் நின்றது. பிராசஸர் சூடு தாங்காமல் தானே அணைந்துகொண்டது. பெட்டி சின்னது என்பதில் தப்பில்லை. காற்றுக்கு வழி வைக்காததுதான் தப்பு.

காற்றுக்கு வழி வைப்பதை நம் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகர். தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. மந்திரசாலையின் பக்கவாட்டில் சரிந்த மரச்சட்டங்கள் அடுக்கிய அழிகள். வெயில் வராது, காற்று வரும். மேலே ஓட்டை கிடையாது. மழை பெய்கிற ஊரில் யார் மேலே ஓட்டை வைப்பார்கள்?

கேபினட்டிலும் நீ அதைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் காற்று போகிற துளைகள் மூடியின் மேலேதான் இருக்கின்றன. உன் மூன்றாவது படத்திலும் அப்படித்தான். அதை டிவிக்கு அடியில் வைத்த மறுநாள் காலையில் உன் அம்மை என்ன செய்வாள்? துணியை விரித்துப் பொம்மையை வைப்பாள். நீ எடுப்பாய், அவள் மறுபடி போடுவாள். எழுபது வயதுக்காரியோடு இதற்காகச் சண்டை போடாதே. துளை பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கிற பெட்டியாக வாங்கு. துணி அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

அடுத்தது உப்பு. இங்கே சிங்கப்பூரிலும் கடல்தான். ஆனால் நான் பதினோராம் மாடியில் ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். ஈத்தாமொழியில் தென்னந்தோப்பைத் தாண்டினால் கடல். ஆனி ஆடியில் அடிக்கிற காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அது மதர்போர்டின் மேல் படிந்தால் செம்பு பச்சை பூக்கும். விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு உப்புக்காற்றை உள்ளே இழுத்துப் பலகையின் மேல் ஊதுகிறது என்றுதான் அர்த்தம். உன் பழைய கம்ப்யூட்டரைப் போன தடவை நான் கழற்றியபோது பார்த்தோமே: திருகாணித் தலைகள் துருப்பிடித்துத் திருப்புளி வழுக்கியது, தகடு வெட்டிய ஓரங்கள் பழுப்பு, விசிறி இதழில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டிய தூசி, மூலையில் சிற்றெறும்பு முட்டை. எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையைத் திறந்தால் காய்ந்த பல்லி ஒன்று, ஆதிமனிதனின் எலும்புபோல மல்லாந்து கிடந்தது. மழைக்காலத்தில் ஃபியூஸ் போனதற்கு நீ மின்சாரத்தைத் திட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

எனவே நம் ஊருக்குத் தேவை, சூடே அதிகம் உண்டாக்காத சரக்கு. 2023-ல் இன்டெல் என்100 என்றொரு சிப் வந்தது. கணக்குக்கு 6 வாட். முழு மூச்சாக ஓடும்போது கூடும் என்றாலும் என்னுடைய 65 வாட்டுக்குப் பக்கத்தில் வராது. 4கே படம் ஓட்ட அது போதும். அதைப் பதித்தே மினி ஐடிஎக்ஸ் போர்டுகள் வருகின்றன. மேலே விசிறி இல்லாத ஹீட்சிங்க். அவற்றில் ஏஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் போன்ற போர்டுக்கு லேப்டாப் சார்ஜர் மாதிரி வெளியிலிருந்து 19 வோல்ட் கொடுத்தால் போதும். பெட்டிக்குள் எஸ்எம்பிஎஸ்ஸே வேண்டாம். இடம் மிச்சம், எஸ்எம்பிஎஸ் சூடும் வெளியே, பல்லிக்குப் படுக்கையும் இல்லை.

இந்தப் போர்டுக்கு மூன்று நான்கு லிட்டர் பெட்டி போதும். 22 × 20 × 8 என்று வைத்துக்கொள், மூன்றரை லிட்டர். அலுமினியமாக இருந்தால் நல்லது. தகரம்போல ஓரத்தில் துரு ஏறாது. உலோகப் பெட்டிக்குள் வைஃபை ஆன்டெனாவை அடைத்து வைக்காதே, சிக்னல் சரியாக வராது. ஆன்டெனா முதுகில் வெளியே நிற்கிற மாதிரி ஓட்டை இருக்கிறதா பார். துளைகளைச் சோதிக்க நம் ஊர் முறை ஒன்று சொல்கிறேன்: ஒரு ஈர்க்கு நுழைய வேண்டும், சுண்டுவிரல் நுழையக் கூடாது. பெரிய ஓட்டை இருந்தால் நைலான் கொசுவலைத் துண்டை உள்ளிருந்து ஒட்டிவிடு. தேவைப்பட்டால் பின்னால் ஒரு விசிறி மாட்ட இடம் இருக்கட்டும். மாட்டாமல் முதலில் ஓட்டிப் பார். சித்திரை வெயிலிலும் சிப் 80 டிகிரிக்குள் நின்றால் விசிறியே வேண்டாம்.

உன் தங்கச்சி கல்யாண வீடியோ, சுசீந்திரம் மார்கழித் தேர், அப்பா சேர்த்து வைத்த ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் படங்கள் எல்லாம் பெரிய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதாகச் சொன்னாய். அதை இந்தப் பெட்டிக்குள் திணிக்காதே. மூன்றரை அங்குல டிஸ்க் தானும் சுடும், அதிர்ந்து பெட்டியையும் கிணுகிணுக்க வைக்கும். யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் பக்கத்தில் வை. உள்ளே ஒரு சின்ன எஸ்எஸ்டி போதும். படம் போட கோடி என்ற மென்பொருள்; பெயர்தான் கோடி, காசு ஒன்றும் இல்லை.

"இவ்வளவு பாடு எதுக்கு, உள்ளங்கை அகலத்துல ரெடிமேட் மினி பிசி கிடைக்குதே" என்று நீ கேட்பாய். வாங்கலாம், குற்றமில்லை. ஆனால் அதில் போர்டு போனால் பெட்டியும் போச்சு; அந்தப் பெட்டிக்கு அந்த ஒரு போர்டுதான். இன்டெல் பத்தாண்டு காலம் என்யுசி என்ற பெயரில் இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டு 2023-ல் ஏசுஸ் கையில் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. மினி ஐடிஎக்ஸ் போர்டின் நாலு திருகாணி ஓட்டை 2001-ல் இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து வேறு போர்டு வாங்கி அதே பெட்டியில் பூட்டலாம்.

உங்கள் வீட்டுப் பத்தாயத்தை நினைத்துப் பார். கன்னிப்பூ நெல் வரும், கும்பப்பூ நெல் வரும். நெல் மாறும், பத்தாயம் மாறாது. நாலு கால் வைத்து, தரையில் படாமல், அடியில் காற்று ஓட நின்றது. வாய்க்குப் பொருந்துகிற மூடி, எலி நுழையாத இடுக்கு. அதைச் செய்த ஆசாரி உள்ளே என்ன வைக்கப் போகிறோம், எங்கே நிற்கப் போகிறது என்று கேட்காமல் உளி எடுத்திருக்க மாட்டார். சிம் லிம் பெரியவர் என்னிடம் கேட்டதும் அதே இரண்டு கேள்விதான்.

ஆகவே என் தீர்ப்பு: உன் மூன்று படத்தில் ஒன்றும் கொள்ளாது. பக்கவாட்டில் துளையும், அடியில் நாலு ரப்பர் காலும் உள்ள மினி ஐடிஎக்ஸ் அலுமினியப் பெட்டி ஒன்றை அங்கேயே வாங்கு. இங்கிருந்து தூக்கி வந்தால் கேரண்டிக்கு நான் மறுபடி இங்கே சுமந்து வர வேண்டும். மேலும் என் பையில் அம்மைக்குக் கொண்டுவருகிற கோடாலித் தைலத்துக்கு இடம் வேண்டும்.

வாங்கும் முன் ஒரு வேலை. டேப்பை எடுத்து அலமாரியின் நடுத்தட்டை அள. அகலம், உயரம், ஆழம். ஆழத்தில் ஆறு சென்டிமீட்டர் கழி. மூன்று எண்ணையும் எனக்கு அனுப்பு. படம் அனுப்பாதே.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து உன் மக்கா.