அலை இல்லாத இடம்

சிட்னியில் மேன்லி கடற்கரைக்குப் போகக் கார் தேவையில்லை. சர்குலர் கீயில் படகேறினால் அரை மணி நேரம். இறங்கி, கோர்சோ கடைத்தெருவில் நடந்தால் எதிரே பசிபிக். நுழைவுக் கட்டணமும் கிடையாது. காரில் போனால்தான் வம்பு. அங்கே குடியிருப்பவர்களுக்குப் பார்க்கிங் அனுமதி உண்டு. தமிழர்கள் நிறைந்த வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கமிருந்து போகிற நாம் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கட்ட வேண்டும்.

கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்தில், நல்லம்பள்ளியில் வளர்ந்தவன் நான். அலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சர்ஃபிங் பலகையும் கையுமாகத் திரியும் மகளால் வந்தது. 1964-இல் முதல் உலக சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்ததும் இதே மேன்லியில்தான். ஜெயித்தவர் சிட்னிக்காரரான மிட்ஜெட் ஃபாரெலி.

இங்கே அலை உடைவது மணல் திட்டில். புயலடித்தால் திட்டு இடம் மாறும். போன மாதம் அருமையாக ஓடிய அலை இந்த மாதம் மொத்தமாக மடிந்து விழும். தெற்கிலிருந்து பெரிய அலை வருகிற நாளில் தென்கோடி சவுத் ஸ்டெய்ன் அடங்கிக் கிடக்க, வடகோடி குயின்ஸ்கிளிஃப் முழு வீச்சையும் வாங்கும். காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசினால் அலை வழவழவென்று நிமிர்ந்து நிற்கும். கோடை மதியத்தில் வடகிழக்குக் காற்று கிளம்பினால் எல்லாம் கலைந்துவிடும். அதனால்தான் விடியும்போதே கூட்டம். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் மிக அருகிலோ அவருக்கே அந்த அலை. குறுக்கே புகுந்தால் வசவு நிச்சயம்.

ஊரிலிருந்து வந்த மாமாவை அங்கே கூட்டிப்போனேன். வேட்டியை மடித்துக் கட்டியவர், நுரைக்கு நடுவே கருத்து அமைதியாகத் தெரிந்த நீரைக் காட்டி, "மாப்ள, அங்க அலையே இல்ல பாரு, அங்க எறங்கலாம்ல?" என்றார். அதுதான் ரிப். கரையில் குவிந்த நீர், திட்டுகளுக்கு இடைப்பட்ட பள்ளம் வழியே கடலுக்குத் திரும்பும் ஓட்டம். "ஒகேனக்கல் மடு மாதிரி மாமா, மேல அசையாது" என்றேன். கப்பென்று பிடித்துக்கொண்டார். இழுத்தால் எதிர்நீச்சல் போடக் கூடாது, மிதந்தபடி கையைத் தூக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

தமிழ்நாட்டில் கோவளமும் மாமல்லபுரமும்கூட இன்று சர்ஃபிங் ஊர்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில் நடந்தது. பலகை வந்த வேகத்தில், குளிக்கும் இடத்தைக் காட்டும் கொடியும் உயிர்காவலரும் நம் கடற்கரைகள் எல்லாவற்றுக்கும் வரவில்லை என்பது என் குறை.

ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் மூழ்கி இறப்பவர்களில் கணிசமானோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அப்பா அம்மாவை இங்கே வரவழைப்பவர்கள் ஓபரா ஹவுஸைக் காட்டுவதற்கு முன்னால், கடற்கரையில் நடப்பட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளைக் காட்டுங்கள். குளிப்பது அவற்றுக்கு நடுவில் மட்டும். கொடி நடாத நாளில் மணலோடு நின்றுவிடுங்கள்.