ஒரு உருண்டை களி

மணியின் வலது கண்ணுக்குக் கீழே வீங்கியபோது, ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றுதான் நினைத்தோம். வாரம் ஒன்றாகியும் வடியவில்லை. பாலக்கோட்டிலிருந்து வாடகை வண்டி பிடித்து, தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். "கண்ணுல ஒண்ணுமில்லைங்க, பல்லுதான்."

நாய்க்கு மேல்தாடையில் இருக்கும் பெரிய பல்லின் வேர் கண்ணுக்குச் சற்றுக் கீழேதான் முடிகிறது. வேரில் சீழ் பிடித்தால் முகம் வீங்கும். பல்லைப் பிடுங்க வேண்டும், அதுவும் முழு மயக்கத்தில்.

"ஒம்போது வயசு நாய்ங்க. எழுந்திருக்குமா?" என்றாள் அம்மா.

எனக்கும் அதே பயம்தான். இரவெல்லாம் போனில் தேடினேன். 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 98,000க்கும் மேற்பட்ட நாய்களைக் கணக்கெடுத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்ததில், நோயில்லாத நாய்களில் சுமார் 1,850க்கு ஒன்று இறந்திருக்கிறது. நோயுள்ளவற்றில் 75க்கு ஒன்று. மணி எந்தப் பக்கம் என்பதை வயசு மட்டும் சொல்லிவிடாது. அதனால்தான் முதலில் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம், கல்லீரல் இரண்டும் நன்றாக இருந்தன.

"ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பாடு குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

குறித்த நாளில் மேஜை வரைக்கும் போய்விட்டோம். கடைசியாக ஒருமுறை கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "விடியக்காலம் ஒரு உருண்டை களி குடுத்தேன். பசியோட எப்படிடா கூட்டிட்டு வர்றது?"

அன்றைக்குச் செய்ய முடியாது என்றுவிட்டார்கள். மயக்கத்தில் விழுங்கும் உணர்வு போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். திரும்பி வரும்போது நான் அம்மாவிடம் பேசவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் அவளே கேட்டாள்: "சொல்லாம இருந்திருந்தா செத்திருக்குமாடா?"

"இருக்கலாம்மா."

அடுத்த வாரம் மறுபடி போனோம். முந்தின ராத்திரி அம்மாவும் சாப்பிடவில்லை. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தியபிறகுதான் பல்லில் கை வைத்தார்கள். ரத்தமும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருக்க அது. மணி தானாக விழுங்க ஆரம்பித்தபிறகே குழாயை எடுத்தார்கள். "இனிமேதான் கவனமா பாக்கணும், முதல் மூணு மணி நேரம் பக்கத்துலயே இருங்க" என்றார் டாக்டர்.

அம்மா தன் பழைய சேலையை அதற்குப் போர்த்தி, விலாவில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிவந்த டீ ஆறிப்போனது. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவள் கையை எடுக்கவேயில்லை.