ஊரடங்கும் லத்தியும்



ஊரடங்கில் போலீஸ் பட்ட பாட்டை யாரும் எழுதுவதில்லை என்று, காவல்துறையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வருத்தப்பட்டார். உண்மைதான். வெயிலில் நின்றார்கள், நோய் தொற்றியது, சிலர் இறந்தும் போனார்கள். ஆனாலும் சாத்தான்குளத்தை நினைக்காமல் அந்த நாட்களைப் பற்றி என்னால் பேச முடியவில்லை.

2020 ஜூன் 19. மொபைல் கடை ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. சரி, அடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அரசு உத்தரவை மீறினால் அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 188-வது பிரிவில் அதிகபட்சம் ஒரு மாதம் சிறை, அல்லது 200 ரூபாய் அபராதம். உயிருக்கு ஆபத்து வரும்படி மீறினால்தான் ஆறு மாதம், அல்லது 1,000 ரூபாய். அதையும் நீதிமன்றம்தான் விதிக்க வேண்டும். இவர்களை ஸ்டேஷனில் வைத்து விடிய விடிய அடித்தார்கள். மறுநாள் அரசு மருத்துவர் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், பாருங்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார்; விடிந்ததும் தகப்பன்.

தரையில் உருண்டு புரண்டதால் காயம் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தது. கட்டுரை நோட்டில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷனில் மரியாதை கிடைக்கவில்லை. ஸ்டேஷனை வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. கேமராப் பதிவு தினமும் அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். அங்கேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி மட்டும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைப் பயந்து பயந்து சொன்னார். அந்தப் பெண்ணும் போலீஸ்தான்.

மறு வருடமே, 2021 ஜூனில், சேலம் மாவட்டச் சோதனைச்சாவடி ஒன்றில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் லத்தியடி பட்டு இறந்தார்.

காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லுங்கள் என்று அரசாங்கம் கெஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. காக்கியைக் கண்டு சந்துக்குள் ஓடுகிறவன் எப்படி வந்து சொல்வான்?

போலீஸ் வேலையில் இருக்கும் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளலாம். கோபம் தணிந்ததும் போன் பண்ணுங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஸ்டேஷனில் எத்தனை நாள் இருக்கிறது? அதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.