சம்பூர்ப் பிள்ளையின் ஆட்டுக் கொப்பி

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்கு முன்னரே குழைக்கட்டோடு வரும் பிள்ளைகளைக் காணலாம். பூவரசு, கிளிரிசிடியா, இபில் இபில் என்று கிடைத்ததை ஒடித்துக்கொண்டு வருவார்கள். பள்ளிக்கூடம் போகுமுன் அதைக் கொட்டிலில் தொங்கக் கட்டிவிட வேண்டும். நிலத்தில் போட்டால் ஆடு மிதித்துப் புழுக்கை போட்டு, பிறகு முகர்ந்தும் பார்க்காது. நிலத்தை ஒட்டி மேய்ந்தால் குடற்புழுவும் கூடவே ஏறும்.

முன்பு திருகோணமலை நகரிலிருந்து இந்தப் பக்கம் வருவதற்குப் படகையும் மிதவைப் பாதையையும் நம்பியிருக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்து உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. பாலங்களால் மனிதருக்குக் கிடைத்த வசதி ஆட்டுக்கும் கிடைத்தது. கிண்ணியா வியாபாரி இப்போது லொறியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்.

நான் பார்க்கப் போனது ஒன்பதாம் தரத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை வளர்க்கும் கிடாய்க்குட்டியை. 2025 தை மாதம். மழை விட்டிருந்தது, ஆனாலும் வளவெல்லாம் சேறு. கொட்டில் மட்டும் உலர்ந்திருந்தது. பனஞ்சலாகைகளை விரலிடைவெளி விட்டு அடித்த பரண், இடுப்பளவு உயரம். புழுக்கை கீழே விழுந்துவிடும். வாடைக்காற்று வரும் பக்கம் கிடுகால் அடைத்திருந்தது.

அந்த அடைப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் மழையோடு கடுங்குளிர் அடித்தபோது நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஒன்றிரண்டு இரவுக்குள் செத்தன. நோயோ என்று முதலில் எல்லாரும் பயந்தார்கள். குளிர்தான் கொன்றது என்று ஆய்வில் தெரிந்தது. வெட்டையில் நனைந்து நின்ற மெலிந்த உயிர்களால் அந்தக் குளிரைத் தாங்க முடியவில்லை.

பிள்ளையின் அம்மம்மாவுக்கு இன்னும் பழைய இழப்பு ஒன்று உண்டு. 2006இல் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தபோது அவரிடம் ஒரு பட்டி ஆடு இருந்தது. "ஓடக்குள்ள பட்டியத் திறந்து விட்டுட்டுத்தான் ஓடினம் மகன். அதுகளாவது தப்பட்டும் எண்டு" என்றார். 2015க்குப் பிறகு காணிகள் விடுபட்டுத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் பற்றைக்காடாய்க் கிடந்தது. ஆட்டின் தடமே இல்லை. பிறகு வாழ்வாதார உதவி என்ற பெயரில் ஊருக்கு ஆடுகள் வந்தன. அப்படி வந்த ஒரு மறியின் வழிதான் இந்தக் குட்டி, ஜமுனாபாரிக் கலப்பு. காது தொங்குகிறது.

ஆடு கொடுப்பவர்கள் மேல் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. ஆட்டைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்க யாரும் திரும்பி வருவதில்லை. இந்தப் பிள்ளைக்கு நல்வாய்ப்பாக ஒரு விவசாய பாட ஆசிரியை கிடைத்தார். வகுப்பில் ஆடு இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு குட்டியைத் தன் பொறுப்பில் எடுத்து, ஒரு கொப்பியில் எழுதிவர வேண்டும் என்றார்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி பிறந்த திகதி, 2024 மே மாதம். மறி இரண்டு குட்டி போட்டதில் இதுதான் நோஞ்சான். எழுந்து மடி தேடவில்லை. "கடும்புப் பால் கறந்து போத்தலில் குடுத்தது, 5.40" என்று எழுதியிருந்தாள். நோயை எதிர்க்கும் சக்தியைத் தாய் குட்டிக்குக் கொடுப்பது அந்தப் பாலில்தான். பிறந்த சில மணி நேரத்துக்குள் அதை வயிற்றில் சேர்த்துவிட வேண்டும். நாள் ஏறினால் குட்டியின் குடல் அந்தச் சத்தை உள்ளே விடாது.

பிறகு மாதம் ஒரு அளவு. வீட்டில் தராசு இல்லை. தாயின் தையல் அளவுநாடாவால் முன்னங்காலுக்குப் பின்னே மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்புவரை இன்னொன்று. மார்பளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கு வரும். என் முன்னாலேயே அளந்தாள். மார்பு 58 சென்ரிமீற்றர், நீளம் 54. கணக்குப் போட்டுப் பதினாறே முக்கால் என்றாள்.

கார்த்திகைப் பக்கத்தில் எடை ஏறவே இல்லை. அதைக் கண்டுதான் கீழ்க்கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்திருக்கிறாள். சிவந்திருக்க வேண்டிய உட்பக்கம் வெளுத்திருந்தது. இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழுவின் அடையாளம் அது. மிருக வைத்தியரிடம் கொப்பியோடு போனாள். பூச்சி மருந்தை எடைக்கு ஏற்றபடிதான் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். எடை எழுதியிருந்ததால் டொக்டருக்கு வேலை சுலபமாயிற்று.

மாலையானால் வேப்பிலைப் புகை போடுகிறாள். பக்கத்து வளவில் மாட்டுப்பட்டி இருப்பதால் இது கட்டாயம். மாட்டின் வயிற்றறையில் சிட்டாரியா என்ற நூல்போன்ற புழு வாழ்கிறது. மாட்டுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. நுளம்பு அதன் இளம்புழுவை ஆட்டுக்குக் கொண்டுவந்தால், அது வழிதவறி முள்ளந்தண்டுக்குள் போய்விடும். நேற்றுவரை துள்ளிய குட்டி பின்னங்காலை இழுக்கும். இலங்கையில் ஆடு வளர்ப்போர் பலர் பட்ட துன்பம் இது.

நான் இருக்கும்போதே கிண்ணியா வியாபாரி ஒருவர் வந்தார். "வாங்க நானா" என்று தாய் கதிரை போட்டார். அவர் உட்காரவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய்க் கிடாயின் முதுகெலும்பில் பெருவிரலை அழுத்தி ஓட்டினார். எலும்பின் இரு பக்கமும் சதை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது. பிறகு கண், கால், காது. கடைசியாக வாயைத் திறந்தார்.

"பால்பல்லுத்தான் கிடக்கு புள்ள. பல்லு விழாட்டி ஹஜ்ஜுக்கு எடுக்க ஏலாதே" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் கொடுக்கும் உழ்ஹிய்யாவுக்கான வெள்ளாட்டுக்குக் குறைந்தது ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. குருடு, நொண்டி, நோய், மெலிவு இருக்கக் கூடாது. வயதுக்குச் சந்தையில் சாட்சி பல்தான். ஆனால் முதல் சோடி நிலைப்பல் சில ஆட்டுக்கு ஒரு வயதிலேயே முளைக்கும், சிலதுக்கு மேலும் மாதங்கள் செல்லும். ஒரு வயது நிரம்பிய கிடாயும் பால்பல்லோடு நிற்கக்கூடும். பெருநாளோ பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7.

பிள்ளை ஒன்றும் பேசாமல் கொப்பியின் முதல் பக்கத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே வாசித்தார், பக்கங்களைப் புரட்டினார், எடைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "இத வச்சிரு. வேற ஆருக்கும் குடுத்திராத, நான் வாறன்" என்று முற்பணம் தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தொழுகையும் கடமையும் உள்ள மனிதருக்கு ஆட்டின் வயது வெறும் விலைப் பேச்சு அல்ல. எழுதிவைத்த திகதி அவருக்குத் தேவைப்பட்டது.

இதைப் பார்த்தபோது அமெரிக்கப் பிள்ளைகளின் கால்நடைக் கண்காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1902இல் ஒஹையோ மாநிலத்தில் தொடங்கிய பிள்ளைகள் கழகம் பின்னாளில் 4-எச் இயக்கமாக வளர்ந்தது. அங்கே பிள்ளைகள் தாம் வளர்த்த செம்மறிக்குட்டியைக் கண்காட்சிக் களத்துக்குக் கூட்டிவந்து, நாலு காலையும் சரியாக ஊன்றி நிறுத்துகிறார்கள். நடுவர் முதுகைத் தடவி, வளர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்டு, பரிசு கொடுக்கிறார். பிறகு ஏலம். சம்பூர்க் கொட்டிலில் நான் கண்டதும் அதே தேர்வுதான். கைதட்ட ஆள் இல்லை, அவ்வளவே.

விற்பதில் கவலை இல்லையா என்று பிள்ளையிடம் கேட்டேன். "கவலைதான். ஆனா அந்தக் காசில மறி ஒண்டு வாங்கப் போறன்" என்றாள்.

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளுக்கும் கால்நடைத் திணைக்களத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்னர் மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு நாள் ஒதுக்குங்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் தாம் வளர்த்த ஆடுகளோடு வரட்டும். மிருக வைத்தியரும் வியாபாரியும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பெரிய கொம்புக்கும் பளபளப்புக்கும் பரிசு வேண்டாம். முதலில் கொப்பியைத் திறந்து பாருங்கள், ஆட்டைப் பிறகு பார்க்கலாம்.